காரைநகரிலிருந்து வந்த விருந்தாளிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டுக்கோட்டை வழியாகச் செல்லும் பஸ் பொன்னாலையைக் கடந்ததும், அதுவரை வீதியின் இருமருங்கும் துணைவந்த வேலிகளும் பனைகளும் சட்டெனப் பின்தங்கிவிடுகின்றன. எதிரே கடல்நீரேரியின்மேல் நீண்டு கிடக்கிறது தாம்போதி. இருபுறமும் ஆழமற்ற நீர். நீரில் நட்ட தடிகள். தடிகளின் உச்சியில் அசையாது நிற்கும் கடற்பறவைகள். அதுவரை தூங்கி வழிந்தவர்களும் அந்த இடத்தில் விழித்துக்கொள்வர். காற்றின் மணம் மாறிவிடுவதே காரணம். காரைநகர் வந்துவிட்டது என்பதை முதலில் அறிவது மூக்குத்தான்.

2023 ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் என் பெரியம்மாவின் வீட்டில் ஐந்து நாள் தங்குவதற்காகக் கொழும்பிலிருந்து குடும்பத்துடன் சென்றிருந்தேன். ஈழத்துச் சிதம்பரம் என்று அடியார் போற்றும் சிவன் கோயிலை வழிபட்டோம். துறைமுகப் பக்கம் சென்று, போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கடற்கோட்டை நீர் நடுவே நிற்பதைக் கண்டோம். 1916 இல் எழுப்பப்பட்ட கோவளம் வெளிச்சவீட்டையும் அண்ணாந்து பார்த்தோம். இவை யாவும் பெரியவர்களுக்கு. என் பிள்ளைகள் இருவரையும் கேட்டால், காரைநகரில் கசூரினாக் கடற்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே சாதிப்பார்கள்.

அந்தக் கரையின் இயல்பு அப்படிப்பட்டது. பெயருக்குக் காரணமான சவுக்கு மரங்கள் கரையோரமாக நின்று ஓயாது இரைந்துகொண்டிருக்கும். கடல் இரைகிறதா, மரம் இரைகிறதா என்று பிரித்தறிவது கடினம். நீரோ மிக அமைதியானது. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவைத் தாண்டாது. பகலில் உல்லாசப் பயணிகளின் ஆரவாரம். பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்த பின்னரே கரை தன் சொந்தக் குடிகளுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

இரண்டாம் நாள் பின்னேரம் அக்குடிகளை நாங்கள் கண்டோம். மரத்தடியில் சருகுகளுக்குள் ஏதோ சலசலத்தது. கைவிளக்கை அடித்துப் பார்த்தால், தரையில் கிடந்த சங்குகள் நடந்துகொண்டிருந்தன! ஏழு வயதான என் இளையவன் முதலில் அலறி, பின்னர் சிரித்தான். சிறுவிரல் நகமளவு முதல் எலுமிச்சங்காய் அளவு வரை பத்துப் பன்னிரண்டு சங்குகள், ஒவ்வொன்றின் கீழும் சிவந்த கால்கள். யாரோ தின்று எறிந்த மாங்கொட்டை ஒன்றைச் சூழ்ந்து அவை பந்தி வைத்துக்கொண்டிருந்தன. தொட்டதும் அத்தனையும் உள்ளே இழுத்துக்கொண்டு, பருத்த இடக் கொடுக்கினால் வாசலை அடைத்துவிட்டன.

துறவி நண்டு என்று நூல்கள் இதனைச் சொல்லும். தனிக்குகையில் வாழும் முனிவரைப்போலச் சங்குக்குள் ஒடுங்கியிருப்பதால் ஆங்கிலேயர் இட்ட பெயரைத் தமிழாக்கியிருக்கிறார்கள். பெயர் வைத்தவர் இதனை இரவில் பார்த்திருக்கமாட்டார் என்பது என் எண்ணம். கூட்டமின்றி இதற்குப் பொழுது போகாது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுவதும், அயலானின் வீட்டைத் தட்டிப் பார்ப்பதும், பிடுங்க முயல்வதுமாக முழு ஊர்ச்சண்டையும் அங்கே நடக்கும். சங்கு நண்டு என்பதே பொருத்தமான பெயர். நெய்தல் நிலத்து மகளிர் அலவனை ஆட்டி விளையாடியதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். நண்டைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பசி மறந்துபோவது இன்று நேற்று வந்த பழக்கம் அன்று.

இந்நண்டுக்குத் தலையும் மார்பும் மாத்திரமே கடினமான ஓடு உடையவை. வயிற்றுப் பகுதி மிருதுவானது, வலப்புறமாக முறுகியது. கடலில் மடிந்த சங்குப்பூச்சி விட்டுச் சென்ற வெற்று ஓட்டினுள் அந்த வயிற்றைச் செருகிக் கொளுவிக்கொண்டு, போகுமிடமெல்லாம் வீட்டைச் சுமந்து செல்கிறது. உடல் வளரும், சங்கு வளராது. ஆகவே வாழ்நாள் முழுவதும் வீடு தேடியலைவதே இதற்கு விதி.

நாங்கள் நண்டு பிடிப்பதை வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். "உதுகளை என்னத்துக்குப் பிடிக்கிறியள் தம்பி? நாங்கள் தூண்டிலிலை குத்திறது" என்றார். வளர்ப்பதற்கு என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பதினொரு வயதான என் மூத்தவள் பை நிறையச் சங்கு பொறுக்கிக்கொண்டு வந்ததைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "பிள்ளை, எல்லாத்தையும் அள்ளாதை. பிறகு உதுகள் எங்கை போய்க் குடியிருக்கிறது?" அவள் சற்றுத் தயங்கினாள். நான்தான், "பரவாயில்லை, கொண்டு வா" என்றேன். அறுபதுக்கு மேற்பட்ட சங்குகளும் ஐந்து நண்டுகளும் எங்களுடன் கொழும்புக்குப் பயணமாயின. நண்டுகள் ஈரமணல் இட்ட ஒரு சிறு வாளியில் இரவு பஸ்ஸில் வந்தன. சங்குகள் கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு வைக்கப்பட்டன.

முதல் பத்து நாள் நாங்கள் செய்தவை அனைத்தும் பிழை. முன்னர் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டியில் இரண்டங்குல மணலைப் பரப்பினோம். கோப்பைத் தட்டில் குழாய்த் தண்ணீர் வைத்தோம். உண்பதற்குப் பிஸ்கட் துண்டுகள். காற்றுப்பட வேண்டும் என்று மேலே மூடியில்லாமல் மின்விசிறியின் கீழ் வைத்தோம். ஐந்தில் பெரியதற்குப் பிள்ளைகள் 'கிழவன்' என்று பெயரிட்டிருந்தார்கள். எட்டாம் நாள் அது உணவை விட்டது. மூலையில் மணலைப் பறித்துப் பறித்துத் தோற்று, பாதி புதைந்தபடி அசையாது கிடந்தது. இறந்துவிட்டது என்று நான் தீர்மானித்தேன். மூத்தவள், "இன்னும் ஒருநாள் பாப்பம் அப்பா" என்றாள். நான் கேட்கவில்லை. கரண்டியால் தோண்டியெடுத்துக் குழாயின் கீழ் கழுவினேன். கையில் இருந்தது வெளிறிய, மெழுகைப்போல் மெத்தென்ற ஓர் உடல். கால் ஒன்று மெல்ல அசைந்தது. அது இறக்கவில்லை, தோல் உரித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் உண்மையாகவே இறந்தது.

மகள் என்னுடன் ஒரு முழு நாள் கதைக்கவில்லை.

அதன் பிறகுதான் நூல்களையும் அறிந்தவர்களையும் தேடினேன். இனி எழுதப்போவது, புதிதாக இந்நண்டுகளைக் கொண்டுவந்துவிட்ட வீட்டார்க்குப் பயன்படக்கூடும்.

முதலாவதாக, சங்கு நண்டுகளில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. பாறைக் குழிகளில் நீரின் அடியிலேயே வாழ்பவை ஒரு வகை. அவற்றுக்கு எந்நேரமும் கடல்நீர் வேண்டும். சவுக்கு மரத்தடியில் நாங்கள் கண்டவை சீனோபிட்டா என்னும் தரைவாழ் இனம். இவை பூக்களாலேயே மூச்சுவிடுகின்றன எனினும், அப்பூக்கள் காற்றிலுள்ள ஈரத்தைக் கொண்டு இயங்குமாறு மாறியவை. நீரில் அமிழ்த்தி வைத்தால் மூச்சடைத்து மடியும். காற்று உலர்ந்தாலும் மெல்ல மெல்ல மூச்சடைத்தே மடியும். மின்விசிறியின் கீழ் நாங்கள் வைத்தது எத்தகைய தண்டனை என்பதை வாசகர் உணர்வர். கண்ணாடி மூடி இட்டு, உள்ளே ஈரப்பதம் நூற்றுக்கு 75 முதல் 80 வரை நிற்கச் செய்தல் வேண்டும். மூடி இல்லையேல் ஈரமும் போகும், நண்டும் போகும். ஏறுவதில் இவை வலு சூரர்கள். கொழும்பின் வெப்பநிலை இவற்றுக்கு ஒத்துவரும். நேர்வெயில் மட்டும் ஆகாது.

தண்ணீர் இரண்டு வகையாக வைக்கவேண்டும்: ஒன்று நன்னீர், மற்றது உப்புநீர். சங்கின் உள்ளே எப்போதும் சிறிது நீரைச் சேமித்து வைத்து, அதன் உப்பைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்வதற்கு இரண்டும் தேவைப்படுகின்றன. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் தீங்கு செய்யும். பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி அகன்றுவிடும். காரைநகரில் பெரியம்மாவின் கிணற்று நீர் இந்தத் தொல்லை இல்லாதது என்பதையும் சொல்லிவைக்கிறேன். உப்புநீருக்குக் கறியுப்பைக் கரைப்பது தவறு. வளர்ப்பு மீன் விற்கும் கடைகளில் கடல்மீன்களுக்கென்று விற்கும் உப்பே ஏற்றது. இரண்டு பாத்திரத்திலும் நண்டு ஏறி வெளியேறுவதற்கு ஒரு கல்லை இடுக.

மணலே எல்லாவற்றிலும் முக்கியம். என் கையால் கிழவன் மடிந்தது இதனை அறியாமையால்தான். பெரிய நண்டின் உயரத்தைப்போல் மும்மடங்கு, எப்படியாயினும் ஆறங்குலத்திற்குக் குறையாத ஆழம் வேண்டும். பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதற்கு எவ்வளவு ஈரம் போதுமோ அவ்வளவு ஈரம் இருக்கவேண்டும். அதாவது, குடைந்தால் சரியாமல் நிற்கவேண்டும். நண்டு அதனுள்ளே அறை அமைத்து, இருளில் தன் பழைய மேலோட்டைக் கழற்றுகிறது. புதிய ஓடு கடினமாகும் வரை அங்கேயே கிடக்கிறது. கழற்றிய ஓட்டையும் தின்றுவிடும். புதிய ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அதில்தான் இருக்கிறது. முன்னர் முறிந்த கால் இருந்தால் அதுவும் இந்தக் காலத்தில் முளைத்துவிடுகிறது. சிறியவற்றுக்குச் சில கிழமைகள் போதும். பெரியவை இரண்டு மாதமும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அந்நாளில் தோண்டுவது கொலைக்குச் சமம். உயிருண்டோ இல்லையோ என்ற சந்தேகம் எழுந்தால் மூக்கை நம்புக. இறந்த நண்டு அழுகிய மீன்போல் நாறும். நாற்றம் இல்லையாயின் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே வைத்தியம்.

உணவு விடயத்தில் இவை நம்மைச் சிரமப்படுத்துவதில்லை. தேங்காய்ச் சொட்டு, மாம்பழம், முருங்கையிலை, உப்பும் தூளும் சேராத மீன் துண்டு, இடித்த முட்டைக்கோது, கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு எதுவும் ஆகும். இரவில் வைத்து, காலையில் மீதியை எடுத்துவிடுக. பூச்சிமருந்து அடித்த பழங்களைக் கழுவாது கொடுத்தலும், தொட்டி உள்ள அறையில் நுளம்புச் சுருள் கொளுத்துதலும் ஆபத்தானவை. ஒதுங்குவதற்குக் கவிழ்த்த சிரட்டை ஒன்று போதும். சங்கிலிருந்து நண்டை இழுத்துப் பார்க்க எவரையும் விடவேண்டாம். பிடியை விடுவதற்கு முன் அது உடல் கிழிந்து சாகும்.

கடைசியாக, வீடுகள். ஒவ்வொரு நண்டுக்கும் இப்போதுள்ளதைவிடச் சற்றுப் பெரிய வெற்றுச் சங்குகள் மூன்று நான்காவது எப்போதும் கிடக்கவேண்டும். வாசல் வட்டமானவற்றை இவை விரும்புகின்றன. நிறம் தீட்டிய சங்குகள் பிள்ளைகளின் கண்ணுக்கு அழகு. தீட்டிய பூச்சு உரிந்து நண்டின் வயிற்றுக்குள் போகும். எங்கள் வீட்டில் சங்குக்குப் பஞ்சமில்லை. மூத்தவள் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, ஏற்றவற்றைத் தெரிந்து, வெந்நீரில் அவித்து ஆறவிட்டுத் தொட்டியில் வைத்தாள். அன்றிரவே, வாய் உடைந்த சங்கில் நெடுநாள் முடங்கிக் கிடந்த நண்டு ஒன்று ஒவ்வொரு வாசலாகக் கொடுக்கை விட்டு அளந்து, உருட்டிப் பார்த்து, மணலைக் கொட்டி, கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து குடிபுகுந்தது. நாங்கள் நால்வரும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பெற்றோர் முன்னிலையில் மணப்பெண் வீடு மாறியதுபோல இருந்தது என்றாள் என் மனைவி.

அதே நண்டு ஆனி மாத முற்பகுதியில் மணலுக்குள் இறங்கியது. இறங்கிய இடத்தில் மகள் ஒரு தீக்குச்சியை நட்டாள். பள்ளிக் கொப்பியில் நாளைக் குறித்தாள். ஒரு கிழமை சென்றது. இரண்டு, மூன்று சென்றன. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "அது எப்பவோ செத்திருக்கும்" என்று உறுதி கூறினார்கள். இளையவன் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்பான். ஐந்தாம் கிழமையில் எனக்கே பொறுமை குலைந்து, ஓரமாகச் சிறிது கிளறினால் என்ன என்று கேட்டேன். மகள் எழுந்து வந்து தொட்டிக்கு முன் நின்றுகொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பிப் போய்ப் பத்திரிகையை எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தேழாம் நாள் விடியற்காலை தீக்குச்சி சரிந்து கிடந்தது. நீர்ப்பாத்திரத்தின் அருகே, புதுச்சாயம் இட்டாற்போன்ற செந்நிறக் கால்களுடன், முன்னையிலும் பருத்து அது நின்றது. வீட்டில் பாற்சோறு பொங்காததுதான் குறை.

இதற்குள் நான் படித்தவற்றில் இரண்டு செய்திகள் உறுத்திக்கொண்டிருந்தன. தாய் நண்டு முட்டைகளைச் சங்குக்குள் சுமந்து, கடலோரம் சென்று நீரில் விடுகிறது. பொரிக்கும் குஞ்சுகள் கடலிலே மிதந்து உருமாறி, கடுகளவு சங்கொன்றைத் தேடிக்கொண்டு கரையேறுகின்றன. ஆகவே கடலில்லாத தொட்டியில் இவை பெருகுவதில்லை. உலகெங்கும் கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஏதோ ஒரு கரையில் பிடிக்கப்பட்டவையே. ஜப்பானில் இவ்வினத்தை 1970 இலேயே இயற்கைச் செல்வமாக அறிவித்துச் சட்டத்தால் காத்திருக்கிறார்கள். முறையாகப் பேணினால் முப்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் இது. மூன்று மாதம் வாழ்ந்தால் பெரிது என்ற நிலையில்தான் எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கிழவனுக்குக் கிடைத்தவை பத்து நாட்களே.

மற்றச் செய்தி கொக்கோஸ் தீவுகளைப் பற்றியது. 1942 இல் இலங்கைப் படைவீரர் சிலர் கலகம் செய்து, அதற்காக மூவர் தூக்கிலிடப்பட்ட வரலாற்றால் அப்பெயர் நம்மவர்க்குப் பழக்கமானது. அத்தீவுகளின் கரைகளில் ஒதுங்கிய பிளாஸ்டிக் போத்தல்களுக்குள் ஏறத்தாழ 5,08,000 சங்கு நண்டுகள் சிக்கி மடிந்திருக்கும் என்று 2019 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. வாய் மேல்நோக்கிச் சாய்ந்து கிடக்கும் போத்தலுக்குள் நண்டு இறங்கிவிடுகிறது. வழுக்கும் சுவரில் திரும்ப ஏற முடிவதில்லை. ஒன்று இறந்தால் அந்த வாடை, இங்கே ஒரு வீடு காலியாகிவிட்டது என்று மற்றவற்றுக்குத் தெரிவிக்கிறது. வீடு தேடி அவையும் வருகின்றன, வந்து விழுகின்றன. ஒரே கொள்கலனில் ஐந்நூறுக்கு மேற்பட்டவை கிடந்தனவாம். கசூரினாக் கரையில் சவுக்கு வேர்களுக்கிடையே கிடந்த வெற்றுப் போத்தல்களை நான் கண்டுமிருந்தேன், தாண்டியும் நடந்திருந்தேன்.

ஆவணியில், நல்லூர்த் திருவிழாவை ஒட்டி மீண்டும் யாழ்ப்பாணம் போக நேர்ந்தது. நண்டுகளைக் கொண்டுபோய் விடுவோம் என்று முதலில் சொன்னவள் மகள். இளையவன் அழுதான், பிறகு, தானே வாளியைப் பிடிப்பதானால் சம்மதம் என்றான். பிடித்த கரையிலேயே விடவேண்டும், வேறு ஊர் நண்டுகளுடன் கலந்தவையாக இருக்கக்கூடாது என்பவற்றை முன்பே விசாரித்துக்கொண்டேன். நோய் பரவுவதற்கு இடமுண்டு. கடையில் வாங்கியவற்றை இவ்விதம் கண்ட கரையில் விடுதல் தகாது. அவற்றை இறுதிவரை வளர்ப்பதே வாங்கியவரின் கடன்.

பொழுது சாயும் வேளையில் சவுக்கு மரத்தடியை அடைந்தோம். வலை செப்பனிடும் முதியவர் அன்றும் இருந்தார். முதலில் நாங்கள் ஒரு சாக்கை விரித்து அயலில் கிடந்த போத்தல்களைப் பொறுக்கினோம். இரண்டில் நண்டுகள் இருந்தன. ஒன்று உயிருடன் இருந்தது. பின்னர் வாளியைச் சரித்தோம். நான்கும் சற்று நேரம் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. நாற்பத்தேழு நாள் மண்ணுக்குள் இருந்ததுதான் முதலில் காலை நீட்டியது. ஒருமுறை நின்று, சருகுக்குள் நுழைந்தது. அடுத்த நிமிடம் எது எங்களுடையது, எது கரையினுடையது என்று சொல்ல முடியவில்லை.

மூத்தவள் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பையை அவிழ்த்து, அலுமாரிச் சங்குகளை அலைவரம்புக்கு மேலே நீளமாகக் கொட்டினாள். முதியவர் எழுந்து வந்து பார்த்தார். "எண்ணிப் போட்டனியோ பிள்ளை?" என்று கேட்டார். அறுபத்துமூன்று என்றாள்.

இருட்டும் வரை இருந்தோம். எலுமிச்சங்காய் அளவு நண்டு ஒன்று வந்து, கொட்டிய சங்குகளில் பெரியதொன்றை உருட்டத் தொடங்கியது. அதன் பின்னால், அது விடப்போகும் வீட்டுக்காக இன்னொன்று காத்து நின்றது. அதன் பின்னால் அதனினும் சிறியது ஒன்று. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெரியம்மா மூன்றாம் முறையாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் அசையவில்லை.